சக்கரத்தை இலேசாக்கிய சர் ஜார்ஜ் கெய்லி

சைக்கிள் ஏறாத மாணவன் நம்மிடையே அரிது. விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கும், ஆய்வுக்கூடத்திலிருந்து உணவுச்சாலைக்கும் நம்மைச் சுமந்து செல்லும் அந்த வண்டியின் சக்கரத்தை நின்று நோக்கியவர்கள் எத்தனை பேர்? நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிளில் முன் சக்கரத்திற்கு 32 கம்பிகள். பின் சக்கரத்திற்கு 40. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமனே உள்ளது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்; உடனே வளைந்துவிடும். இத்தகைய மெல்லிய கம்பிகள் ஓட்டுபவனையும், பின்னால் அமர்ந்த நண்பனையும், இருவரின் புத்தக மூட்டையையும் தாங்குவது எப்படி?

ஐரோப்பியச் சாலைப் பந்தயங்களில் ஓடும் சைக்கிள்களின் சக்கரங்கள் இன்னும் வியப்பானவை. அவற்றின் வட்டை கார்பன் இழையால் ஆனது. டயர் நீங்கலாக ஒரு ஜோடிச் சக்கரத்தின் எடை ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கும். அதனைக் கொண்டு பந்தய வீரன் மலைச்சாலைகளில் ஏறுகிறான். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்குகிறான். கார்பன் இழை புதியது. ஆனால் அந்தச் சக்கரத்தின் அடிப்படைக் கருத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதைச் சிந்தித்தவர் சைக்கிள் ஓட்டியவர் அல்லர். மிதிகட்டை வைத்த சைக்கிள் பாரிஸ் நகரத் தெருக்களில் தோன்றுமுன்பே மறைந்துவிட்டவர். அவர் விரும்பியது ஆகாயத்தில் பறக்க. அவர்தான் இங்கிலாந்து தேசத்து யார்க்‌ஷயர் பிரபு, சர் ஜார்ஜ் கெய்லி.

பெயரைச் சற்று மாற்றி உச்சரித்தால் நம் மொழியில் கேலி என்றாகும். அது தற்செயலே. எனினும் அவர் வாழ்ந்த நாளில், மனிதன் பறப்பான் என்று சொல்பவன் ஊரார் கேலிக்கு ஆளாவது இயல்பாகவே இருந்தது.

பிறப்பும் கல்வியும்

கெய்லி 1773-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். அவருக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது, 1783-இல், பிரான்சு நாட்டில் மாண்ட்கோல்ஃபியர் சகோதரர்களின் வெப்பக்காற்றுக் கூண்டு மனிதரைச் சுமந்து மேலே சென்றது. ஐரோப்பா முழுவதும் அதே பேச்சு. ஆனால் கூண்டு காற்று போன வழியிலேயே போகும். போக வேண்டிய இடத்திற்குப் போகாது. பறவையோ தான் நினைத்த திசையில் செல்கிறது. இந்த வேறுபாடு பின்னாளில் கெய்லியின் வாழ்நாள் ஆராய்ச்சியாக வளர்ந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் பயின்றதைவிடத் தனி ஆசிரியர்களிடம் பயின்றதே மிகுதி. நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் வாக்கர் என்ற கணித அறிஞரிடம் பாடம் கேட்டார். 1795-இல் அவருடைய மகள் சாராவையே மணந்தார். இதற்குள் தந்தை இறந்துவிட்டார். 1792-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத இளைஞன், ஆறாவது பாரனெட் என்ற பட்டத்துக்கும் பிராம்ப்டன் கிராமத்து மாளிகைக்கும் நிலங்களுக்கும் உரியவனானான். செல்வமும் ஓய்வும் இருந்தால் வேட்டையிலும் விருந்திலும் காலத்தைக் கழிப்பது அன்றைய பிரபுக்களின் வழக்கம். கெய்லி தம் மாளிகையில் ஒரு பட்டறை அமைத்தார்.

வெள்ளித் தகடு

அவருக்கு முன்னும் பறக்க முயன்றவர் பலர். அவர்கள் அனைவரும் செய்த பிழை ஒன்றே. பறவை சிறகடிப்பதைக் கண்டு, தாமும் சிறகைக் கட்டிக்கொண்டு கைகளை அடித்தார்கள், விழுந்தார்கள். ஒரே உறுப்பைக் கொண்டு உடலை மேலே தூக்கவும் முன்னே தள்ளவும் மனிதனின் தசைக்கு வலிமை போதாது என்பதை அவர்கள் எண்ணவில்லை.

கெய்லி இரண்டையும் பிரித்தார். தூக்குவது ஒரு வேலை, தள்ளுவது வேறு வேலை என்றார். அசையாத சிறகு காற்றைச் சற்றே சாய்ந்து எதிர்கொண்டால் தூக்கு விசை கிடைக்கும். முன்னே தள்ளுவதற்குத் தனிக் கருவி வேண்டும். திசை திருப்புவதற்கு வால் வேண்டும். இன்று வானில் பறக்கும் ஒவ்வொரு விமானத்திற்கும் இதுவே இலக்கணம். 1799-இல், தமது இருபத்தைந்தாவது வயதில், இக்கருத்தை ஒரு சிறு வெள்ளித் தகட்டில் பொறித்து வைத்தார். ஒரு பக்கத்தில் அசையாச் சிறகும் வாலும் உடைய யந்திரத்தின் படம். மறுபக்கத்தில் சிறகின்மீது செயல்படும் விசைகளின் படம். அத்தகடு இன்றும் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

கருத்தோடு அவர் நிற்கவில்லை. அளந்து பார்த்தார். 1804-இல், சுழலும் நீண்ட கையொன்றின் முனையில் சிறு தகட்டைப் பொருத்தி, மாளிகையின் மாடிப்படி இடைவெளியில் எடையொன்றை விழச் செய்து அக்கையைச் சுழற்றினார். எந்தச் சாய்வில், எந்த வேகத்தில், எவ்வளவு தூக்கு விசை என்று கணக்கிட்டுக் குறித்துக்கொண்டார். அதே ஆண்டில், ஒரு கழியின்மேல் பட்டம் போன்ற சிறகும் பின்னால் சிலுவை வடிவ வாலும் பொருத்தி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மாதிரி மிதவை விமானம் ஒன்றைச் செய்து மலைச்சரிவிலிருந்து பறக்கவிட்டார்.

கயிற்றால் ஆன சக்கரம்

பறக்கும் யந்திரம் என்றாவது தரையில் ஓடித்தான் மேலே எழ வேண்டும். இறங்கும்போதும் ஓடித்தான் நிற்க வேண்டும். ஆகவே அதற்குச் சக்கரம் தேவை. ஆனால் வண்டிச் சக்கரத்தின் எடையைச் சுமந்துகொண்டு எந்த யந்திரம் எழும்?

நம் கிராமத்து மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே தடித்த மர ஆரக்கால்கள். வண்டியின் பாரம் குடத்தை அழுத்துகிறது. குடம் தனக்குக் கீழே உள்ள ஆரக்காலை அழுத்துகிறது. அந்த ஆரக்கால் தரையைப் பார்த்து நின்று, தூண் போலப் பாரத்தைத் தாங்குகிறது. தூண் மெலிந்தால் வளைந்து ஒடியும். ஆகவே ஆரக்கால் தடித்திருந்தே ஆக வேண்டும்.

1808-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கெய்லி தம் குறிப்பேட்டில் இந்த முறையைத் தலைகீழாக மாற்றி எழுதினார். மர ஆரக்கால்களை அறவே நீக்கிவிடலாம். அவற்றுக்குப் பதிலாக வலிய கயிறுகளைக் குடத்திலிருந்து வட்டைக்கு இறுகக் கட்டலாம். சக்கரத்தின் உறுதியை வட்டையே ஏற்கட்டும் என்பது அவர் யோசனை. கயிற்றை அழுத்தினால் துவளும், இழுத்தால் தாங்கும். எல்லாப் பக்கமும் சமமாக இழுத்துக் கட்டிய கயிறுகளின் நடுவே குடம் தொங்கி நிற்கும். பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய கயிறுகளில் முன்பே இருந்த இறுக்கம் சற்றுக் குறையும், அவ்வளவே. இறுக்கம் முற்றும் நீங்காதவரை எந்தக் கயிறும் துவளாது, சக்கரமும் குலையாது.

நம் சைக்கிளில் இருப்பது இதுவேதான். கயிறு இருந்த இடத்தில் எஃகுக் கம்பி, அதுவொன்றே வேறுபாடு. கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி விட்டு, ஒவ்வொரு கம்பியாகத் திருகிக் கோட்டம் எடுக்கிறாரே, அவர் செய்வது அந்த இழுவிசைகளைச் சமப்படுத்தும் வேலை.

அறிவுலகில் இத்தனை எளிய மாறுதல் இத்தனை பயன் தந்தது அரிது. ஆனால் கெய்லி இதற்குப் பட்டயம் வாங்கவில்லை. அவர் நினைவெல்லாம் விமானத்தில் இருந்தது. சக்கரம் அதற்கு ஒரு துணைப்பொருள். குறிப்பு குறிப்பேட்டிலேயே தங்கியது. 1826-இல் தியோடர் ஜோன்ஸ் என்பவர் இழுகம்பிகளால் ஆன இரும்பு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டயம் பெற்றார். 1869-இல் பாரிசில் எய்ஜேன் மேயர் சைக்கிளுக்குக் கம்பிச் சக்கரம் செய்தார். 1874-இல் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விடாமல், குடத்தின் விளிம்பைத் தொட்டுச் சாய்ந்து செல்லுமாறு குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். மிதிக்கும் விசையை வட்டைக்குக் கொண்டுசெல்ல அதுவே ஏற்ற முறையாயிற்று. இவர்கள் வேலை செய்த காலத்தில் கெய்லியின் குறிப்பேடு அச்சாகவே இல்லை. 1933-இல்தான் நியூகோமன் சங்கத்தார் அதை நூலாக வெளியிட்டார்கள். எழுதி 125 ஆண்டுகளுக்குப் பின்!

மீனிடம் கற்ற பாடம்

சக்கரக் குறிப்பு உறங்கினாலும், பறத்தலைப் பற்றிய ஆராய்ச்சியை அவர் உறங்கவிடவில்லை. 1809-ஆம் ஆண்டிலும் 1810-ஆம் ஆண்டிலுமாக, நிக்கல்சன் என்பவர் நடத்திய இயற்கைத் தத்துவப் பத்திரிகையில் ஆகாயப் பயணத்தைப் பற்றி மூன்று பகுதிகளாகக் கட்டுரை வெளியிட்டார். விமான விஞ்ஞானத்தின் தொடக்க நூல் என்று இதனை மதிக்கிறார்கள். தூக்கு விசை, தடை விசை, நிலைத்தன்மை, சிறகின் வளைவு, இலேசான எஞ்சினின் தேவை எல்லாம் அதில் பேசப்பட்டுள்ளன.

அதில் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. காற்றைக் கிழித்துச் செல்லும் பொருளின் முன்பக்கம் கூராக இருந்தால் போதும் என்றே பொதுவாக எண்ணுவோம். கெய்லி அப்படி எண்ணவில்லை. பின்பக்கத்தின் வடிவமும் முன்பக்கத்தைப் போலவே முக்கியம் என்றார். ட்ரவுட் என்னும் ஆற்று மீனின் உடலைத் தலையிலிருந்து வால்வரை சீரான இடைவெளியில் சுற்றளந்து, அவ்வளவுகளை மூன்றால் வகுத்து விட்டங்களைக் கண்டு, தடை மிகக் குறைந்த வடிவம் எது என்று வரைந்தார். முன்னே உருண்டு, பின்னே மெல்லக் குறுகும் வடிவம் அது. பிற்காலத்துத் தடை குறைந்த விமானச் சிறகின் குறுக்குவெட்டோடு அவ்வளவுகள் நன்கு ஒத்திருப்பதை, இருபதாம் நூற்றாண்டின் பெரும் விமான விஞ்ஞானியான தியோடர் ஃபான் கார்மான் எடுத்துக்காட்டினார்.

இலேசான எஞ்சின் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. நீராவி எஞ்சின் கொதிகலனும் நீருமாக மலைபோல் கனத்தது. அவரே வெப்பக்காற்று எஞ்சின் ஒன்றை வகுத்து 1807-இல் விவரம் வெளியிட்டார்; வெடிமருந்தால் இயங்கும் எஞ்சினையும் முயன்று பார்த்தார். எதுவும் போதிய வலிமை தரவில்லை. பறப்பதற்கு வேண்டிய அனைத்தையும் அறிந்தவர், பறப்பிக்கும் யந்திரம் தம் வாழ்நாளில் வராது என்பதையும் உணர்ந்தார். வேறொருவராயின் சலித்துக் கைவிட்டிருப்பார்.

மக்களுக்கான பணிகள்

அவர் மற்ற வேலைகளைத் தொடங்கினார். தம் பகுதியில் வெள்ளத்தால் அழிந்த வயல்களைக் காக்க வடிகால் திட்டம் வகுத்து, ஆற்று வெள்ளத்தைக் கடலுக்குத் திருப்பும் கால்வாய்க்கு வழிகாட்டினார். சேற்றிலும் செல்லத்தக்க, முடிவில்லாச் சங்கிலிப் பாதையைத் தானே விரித்துக்கொண்டு போகும் வண்டிக்கு 1825-இல் பட்டயம் பெற்றார்; இன்றைய சங்கிலிச் சக்கர டிராக்டருக்கு அது முன்னோடி. தானே நிமிர்ந்துகொள்ளும் உயிர்காப்புப் படகைப் பற்றியும், ரயில் விபத்துகளைத் தடுக்கும் முறைகளைப் பற்றியும் ஆராய்ந்தார். தம் குடியானவர் ஒருவரின் மகன் யந்திரத்தில் கையை இழந்தபோது, பொருள்களைப் பற்றிப் பிடிக்கத்தக்க செயற்கைக் கையை அவனுக்காக வகுத்துக் கொடுத்தார்.

1832 முதல் 1835 வரை ஸ்கார்பரோவின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். 1838-இல் பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தைக் கண்காட்சியாகவும் சொற்பொழிவாகவும் கற்பிக்க லண்டன் ரீஜன்ட் தெருவில் தொடங்கிய பாலிடெக்னிக் நிலையத்தின் முதல் தலைவரானார். பறத்தலை ஆராய ஒரு சங்கம் அமைக்க வேண்டுமென்று பலமுறை அழைப்பு விடுத்தார். யாரும் சேரவில்லை. அச்சங்கம் 1866-இல்தான் தோன்றியது. அழைத்தவர் மறைந்து அப்போது ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன.

முதுமையில் நிகழ்ந்த பறத்தல்

எழுபத்தைந்து வயதில் மனிதன் ஓய்வை நாடுவான். கெய்லி மீண்டும் பறக்கும் யந்திரத்தை எடுத்தார். எஞ்சின் இல்லாவிட்டால் என்ன, மலைச்சரிவும் எதிர்க்காற்றும் இருக்கின்றன அல்லவா? 1849-இல், மூன்று அடுக்குச் சிறகுகளுடைய மிதவை விமானம் ஏறக்குறையப் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைச் சுமந்து சில கஜ தூரம் தரையை விட்டு எழுந்தது. 1852-இல் பெரிய மிதவை விமானத்தின் விவரத்தைப் படத்தோடு மெக்கானிக்ஸ் மேகசின் என்ற வார இதழில் வெளியிட்டார்.

1853-ஆம் ஆண்டு பிராம்ப்டன் பள்ளத்தாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி அவர் வாழ்க்கையிலேயே புகழ்பெற்றது. தம் குதிரை வண்டிக்காரரை விமானத்தில் ஏற்றிப் பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து விடச் செய்தார். யந்திரம் பள்ளத்தைத் தாண்டி மறுகரையில் இறங்கியது. வெளியே வந்த வண்டிக்காரர், தம்மை வேலைக்கு வைத்தது வண்டி ஓட்டத்தானே தவிரப் பறக்க அன்று என்று சொல்லி, வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எசமானரிடம் தெரிவித்தாராம். இதைச் சிறுமியாக அருகில் நின்று கண்ட கெய்லியின் பேத்தி, முதுமையில் நினைவுகூர்ந்து சொன்னார். 1973-இல் அந்த விமானத்தைப் போன்றே ஒன்றைச் செய்து, டெரெக் பிகாட் என்ற விமானி அதே பள்ளத்தாக்கில் பறந்து காட்டினார். முதியவரின் கணக்கில் பிழையில்லை என்பது தெளிவாயிற்று.

1857-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், எண்பத்து நான்காவது பிறந்த நாளுக்குச் சில தினங்களே இருக்கையில், கெய்லி பிராம்ப்டனில் காலமானார். அவருக்குப்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1903 டிசம்பரில், அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறந்தார்கள். அவர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள் என்பது நினைக்கத்தக்கது. கெய்லிக்குத் தாங்கள் பட்ட கடனை அவர்கள் மறைக்கவில்லை. 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தின் அடியில் இருந்தவை கம்பி இழுத்த சக்கரங்கள்தாம். எதற்காகக் கெய்லி அதைச் சிந்தித்தாரோ அந்த இடத்திற்கு, சைக்கிள் வழியாகச் சுற்றிக்கொண்டு, சக்கரம் வந்து சேர்ந்தது.

இன்றைய பந்தயச் சக்கரம்

இனிக் கார்பன் சக்கரத்துக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில், ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி செயற்கை நூலிழையைச் சூடேற்றிக் கரியாக்கி உறுதியான இழை பெறும் வழியைக் காட்டினார். 1964-இல் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார், மிக வலிய இழை தரும் முறையை வகுத்தனர். இதுவும் விமானத்தை இலேசாக்கவே பிறந்தது. இதுவும் பின்னர் சைக்கிளுக்கு வந்தது.

இழை ஒன்றின் பருமன் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனை ஒருவகையில் கெய்லியின் கயிறு என்றே சொல்லலாம். இழுத்தால் எஃகை விஞ்சும்; தனியே அழுத்தினால் துவளும். ஆயிரமாயிரம் இழைகளைப் பிசினில் தோய்த்து, பாரம் வரும் திசைகளைப் பார்த்து அடுக்கி இறுக வைத்தால் உறுதியான வட்டையாகிறது. எஃகின் அடர்த்தி ஏறக்குறைய 7.8, அலுமினியத்திற்கு 2.7, கார்பன் இழைக் கலவைக்கு 1.6 அளவே.

எடை குறைவதால் என்ன பயன்? உருளும் வட்டை முன்னேயும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே வட்டையில் உள்ள ஒரு கிராமை வேகப்படுத்த, சட்டத்தில் உள்ள ஒரு கிராமுக்கு ஆவதைப் போல இரு மடங்கு ஆற்றல் வேண்டும். பந்தயத்தில் திடீரெனப் பாயும் வீரனுக்கு இது பயன்படும். ஆனால் சமவெளியில் ஒரே வேகத்தில் செல்பவனுக்குப் பெரும்பகை எடை அன்று, காற்று. சக்கரத்தின் உச்சி சைக்கிளைப் போல இரு மடங்கு வேகத்தில் காற்றை எதிர்க்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை விசை நான்கு மடங்காகும். அதனால் இன்றைய வட்டைகளைச் சற்று ஆழமாக்கி, டயரோடு சேர்த்து முன்னே உருண்டும் பின்னே குறுகியும் செல்லும் குறுக்குவெட்டோடு செய்கிறார்கள். எஃகோ அலுமினியமோ அந்த வடிவத்தில் கனத்துவிடும். கார்பன் இழையில் கனப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் உலக சைக்கிள் சங்கம் பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாதென்று விதித்திருப்பதால், எடையை மேலும் மேலும் குறைப்பதைவிட வடிவத்தைத் திருத்துவதே அறிவுடைமையாயிற்று.

இழுவிசையால் நிற்கும் கம்பிகள், மீன் போன்ற வட்டை: இரண்டும் ஒரு சக்கரத்தில் கூடியிருக்கின்றன. இரண்டையும் 1808-க்கும் 1810-க்கும் இடையே ஒரே மனிதர் எழுதி வைத்தார்.

ஒன்று உலகுக்கு உடனே கிடைத்தது, மற்றொன்று கிடைக்கவில்லை. பறத்தலைப் பற்றிய கட்டுரை அச்சேறியதால் பின்வந்தவர்கள் அதன்மேல் நின்று மேலே சென்றார்கள். சக்கரத்தைப் பற்றிய குறிப்பு அச்சேறாததால், அறுபதாண்டுகளுக்குப் பின்னும் பிறர் அதையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சி மாணவர்களாகிய நாம் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். நம் ஒவ்வொருவர் மேசை இழுப்பறையிலும் பெரிய நோக்கத்திற்குத் துணையாகச் செய்து, சிறியதென்று ஒதுக்கிய ஒரு குறிப்பாவது கிடக்கும். பெரிய நோக்கம் நம் காலத்தில் கைகூடலாம், கூடாமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. சிறிய குறிப்பை எழுதி முடித்து நாலு பேர் காண வெளியிடுவது நம் கையில் இருக்கிறது.